தொண்ணூறு வயதில் ஆபரேஷன்: வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள்

“டாக்டரே, இந்த வயசுல ஆபரேசன் தாங்குமா?” நாகர்கோவிலில் மயக்க மருந்து மருத்துவராக வேலை பார்க்கும் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் மகன் அல்லது மருமகள். நோயாளிக்கு வயது 85 இருக்கும், 88 இருக்கும், சில சமயம் 94கூட இருக்கும்.

நியாயமான கேள்விதான். ஆனால் பிறந்த வருடத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ‘தாங்குமா’ என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொள்ளவும் கூடாது. ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போவது இப்போது அரிது. வயதானவர்களுக்கு ஆபத்து அதற்குப் பின்னால் வரும் நாட்களில் காத்திருக்கிறது. சளி கட்டி நிமோனியா ஆவது, சிறுநீரகம் மந்தமாவது, புத்தி தடுமாறுவது, முதுகில் படுக்கைப் புண் வருவது, எழுந்து நடக்கவே முடியாமல் போவது என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும். அதனால் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி இது: “ஆபரேஷன் செய்தால் மூன்று மாதம் கழித்து அம்மை (அம்மா) எப்படி இருப்பார்கள்? செய்யாவிட்டால் எப்படி இருப்பார்கள்?” இந்த இரண்டுக்கும் பதில் வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் 1920களில் சாமர்வெல் டாக்டர் (1924 எவரெஸ்ட் பயணத்தில் போன அதே சாமர்வெல்தான்) குடல் புண்ணுக்கு ஆபரேஷன் செய்து பேர் வாங்கிய காலத்தில், இந்தியர்களின் சராசரி ஆயுள் 30 வயதைக்கூட எட்டவில்லை. தொண்ணூறு வயது நோயாளி அன்று அபூர்வம். இன்று நம் மாவட்டத்தில் எந்த வார்டில் நுழைந்தாலும் ஒருவராவது இருப்பார். ஆனால் வீட்டில் முடிவெடுக்கும் விதம் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கிறது. “வயசாச்சு, இனி எதுக்கு” என்று ஒரு பக்கம். “எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்க” என்று இன்னொரு பக்கம். இரண்டிலுமே நோயாளியின் குரல் கேட்பதில்லை.

நான் எதைப் பார்க்கிறேன்

ஆபரேஷனுக்கு முன் ‘பிட்னஸ்’ கொடுக்க வரும்போது, ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை நீட்டுவார்கள். பார்ப்பேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்பது வேறு. விழுவதற்கு, அல்லது நோய் வருவதற்கு, இரண்டு வாரம் முன்பு இவர் எப்படி இருந்தார்? தானாக எழுந்து குளித்தாரா? கடைக்கோ கோயிலுக்கோ சர்ச்சுக்கோ நடந்து போனாரா? கம்பு ஊன்றினாரா? ஆறு மாதத்தில் சேலை, வேட்டி தளர்ந்து போகும் அளவுக்கு மெலிந்தாரா? பேரன் பேர் ஞாபகம் இருக்கிறதா? நேற்று என்ன சாப்பிட்டார் என்று சொல்ல முடிகிறதா?

கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ராக்வுட் 2005இல் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். இப்போது அதில் 1 முதல் 9 வரை எண்கள். நல்ல தெம்பாக இருப்பவர் 1. எல்லாவற்றுக்கும் பிறரை நம்பிப் படுத்த படுக்கையாக இருப்பவர் 8. கடைசிக் கட்டத்தில் இருப்பவர் 9. இந்த எண், பிறந்த தேதியைவிட உண்மையைச் சரியாகச் சொல்கிறது. சின்ன வயதில் பனையேறி, இன்றும் காலையில் எழுந்து தென்னந்தோப்பைச் சுற்றி வரும் 91 வயதுப் பாட்டாவை நான் தைரியமாக மயக்கத்துக்கு எடுப்பேன். சர்க்கரை நோயில் கால் மரத்து, வருடக்கணக்காகக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் மட்டுமே நடக்கும் 74 வயதுக்காரரைப் பார்த்தால் எனக்குக் கவலை அதிகம்.

சரி, வயதுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. உடம்பில் கையிருப்பு குறைகிறது. அன்றாட வாழ்க்கைக்கு இதயமும் நுரையீரலும் போதும். ஆபரேஷன் என்ற கூடுதல் செலவு வரும்போது எடுத்துக் கொடுக்க மிச்சம் இருக்காது. மயக்க வாயு நாற்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம் குறைவாகவே தேவைப்படும். தொண்ணூறு வயதில் கால்பங்குக்கும் மேல் குறைத்துக் கொடுக்கிறோம். இளையவருக்குக் கொடுக்கும் அளவையே கொடுத்தால் பிரஷர் சரிந்துவிடும்.

சிறுநீரகக் கணக்கும் அப்படித்தான். நாற்பது கிலோ எடையுள்ள 90 வயது ஆச்சிக்கு கிரியாட்டினின் (தசையிலிருந்து ரத்தத்தில் சேரும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) 1.0 என்று சீட்டில் வரும். பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சடித்திருக்கும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தச் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 24 மில்லிதான் வடிகட்டுகிறது. ஆரோக்கியமான இளைஞருக்கு இது 100க்கு மேல். தசையே இல்லாத உடம்பில் கிரியாட்டினின் உருவாவதே குறைவு என்பதால் சீட்டு நம்மை ஏமாற்றுகிறது. இந்த ஆச்சிக்கு வலிக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோபினாக் ஊசியோ மாத்திரையோ நாலு நாள் கொடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் “மூத்திரம் போகல டாக்டரே” என்று வருவார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்தால்

மிக வயதானவர்களில் நான் அதிகம் பார்ப்பது இடுப்பு எலும்பு முறிவுதான், அதாவது தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவது. இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. கிணற்றங்கரையிலும் துவைகல்லைச் சுற்றியும் பாசி எப்போதும் இருக்கும். பல வீடுகளில் கக்கூஸ் இன்னும் வீட்டுக்கு வெளியே, இரண்டு படி இறங்கிப் போகும் இடத்தில். ராத்திரி கரண்ட் போன நேரத்தில், சிறுநீர் மாத்திரை போட்டவர் அவசரமாக எழுந்து போவார். காலை வைக்கத் தவறுவார். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், எக்ஸ்ரே எடுக்கும் முன்பே என்ன என்று தெரிந்துவிடும்.

அடுத்து நடப்பதைச் சொல்கிறேன். முதல் நாள் ஆசானிடம். நம் ஊர் வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கைமணிக்கட்டு முறிவுக்கும் சுளுக்குக்கும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப் போட்ட கைகள் அவை. ஆனால் தொடை எலும்பின் கழுத்து, பெரிய தசைகளுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. வெளியே போடும் எந்தக் கட்டும், எந்த எண்ணெயும் அதைப் பிடித்து நிறுத்தாது. அனுபவமுள்ள ஆசான்கள் தொட்டுப் பார்த்ததும் “இது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய எல்லு (எலும்பு)” என்று அவர்களே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பாத இடத்தில் ஒரு வாரம் போகும்.

இரண்டாம் நாள், துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மகனுக்காகக் காத்திருப்பு. “பெரியவன் வந்து முடிவு சொல்லட்டும்.” மூன்றாம் நாள், இங்கே வேண்டாம் திருவனந்தபுரம் கொண்டு போகலாமா என்ற பேச்சு. வால்வு கோளாறு, சிக்கலான இதய நோய் போன்றவற்றுக்கு அங்கே போவது சரி. சாதாரண இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத்தின் பல ஆஸ்பத்திரிகளிலும் வசதி இருக்கிறது. இடம் மாறுவதில் போகும் ஒன்றரை நாள், நோயாளியின் நுரையீரலிலிருந்தும் முதுகுத் தோலிலிருந்தும் கழிகிறது.

முறிந்த இடுப்பை 24லிருந்து 48 மணி நேரத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழிகாட்டல். 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 3000 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முடிந்தவரை வேகமாக, அதாவது 6 மணி நேரத்துக்குள்ளாகவும் மற்ற பிரிவுக்கு வழக்கம் போல ஒரு நாள் கணக்கிலும் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வேகமாகச் செய்தவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் குறைவாக இருந்தது, அவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். ஆகவே நடுராத்திரியில் பதறியடித்துச் செய்ய வேண்டிய அவசியமில்லை. நான்கைந்து நாள் போட்டு வைப்பதற்கும் காரணம் இல்லை.

சில சமயம் தாமதம் மருத்துவர்கள் பக்கமிருந்தும் வருகிறது. ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு கொஞ்சம் குறைவு, எக்கோவில் இதயத்தின் பம்பிங் குறைவு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுக்கிறார் என்று தள்ளிப்போடுவது. சோடியம் 118 என்றால் சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும். 130 என்றால் அதற்காக மூன்று நாள் காத்திருப்பதில் லாபம் இல்லை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளில் ஒன்றான குளோபிடோகிரெல் போட்டவருக்குத் திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் ஐந்தாறு நாள் நிறுத்தச் சொல்வோம். முறிந்த இடுப்புக்கு அத்தனை நாள் காத்திருக்கத் தேவையில்லை. முதுகில் ஊசி போடாமல் முழு மயக்கத்தில் செய்துவிடலாம்.

“முதுகில் ஊசியா, முழு மயக்கமா? வயசானவங்களுக்கு முழு மயக்கம் ஆபத்துன்னு சொல்றாங்களே” என்று கேட்பார்கள். இதைப் பற்றி 2021இல் 1600 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. அறுபது நாள் கழித்து இறந்தவர்கள், அல்லது பத்தடிகூட நடக்க முடியாமல் போனவர்கள், இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ 18 சதவீதம். அவரவர் உடம்புக்கு எது பொருத்தமோ அதை மயக்க மருத்துவர் தீர்மானிக்கட்டும். நீங்கள் கேட்க வேண்டிய வேறொன்று இருக்கிறது: “தொடை நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா?” அல்ட்ராசவுண்டில் பார்த்து இடுப்புக்குக் கீழே போடும் இந்த ஊசியை ஆபரேஷனுக்கு முன்பே, எக்ஸ்ரே அறையிலிருந்து வந்த உடனே போடலாம். திருப்பிப் படுக்க வைத்தாலே கத்திக்கொண்டிருந்தவர் அரை மணி நேரத்தில் கஞ்சி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வலி மருந்துகளால் வரும் மந்தமும் மலச்சிக்கலும் இதில் கிடையாது.

“ஏற்கெனவே படுத்த படுக்கைதானே, இனி நடக்கவா போறாங்க, எதுக்கு ஆபரேஷன்?” இந்தக் கேள்விக்கு நான் நின்று நிதானமாகப் பதில் சொல்வேன். நடப்பதற்காக மட்டும் இந்த ஆபரேஷன் செய்வதில்லை. முறிந்த எலும்போடு படுத்திருப்பவரைக் குளிப்பாட்ட, மலம் துடைக்க, துணி மாற்ற ஒவ்வொரு முறை திருப்பும்போதும் உயிர் போகும் வலி. வலிக்குப் பயந்து திருப்பாமல் விட்டால் புண். எலும்பைப் பிடித்து நிறுத்திவிட்டால் பராமரிக்க முடியும். ஆயுள் இன்னும் சில நாட்கள்தான் என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் நரம்பு ஊசியும் வலி மருந்தும் மட்டும் போதும் என்று யோசிப்போம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், உலகத்தில் எங்கே எடுத்துப் பார்த்தாலும், இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மூன்றில் ஒருவருக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களில் பலர் முன்பு நடந்த அளவுக்கு மீண்டும் நடப்பதில்லை. இதை நான் மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஆபரேஷனுக்குப் பின் ஐந்தாம் மாதம் ஒருவர் போய்விட்டால், “பேசாமல் விட்டிருக்கலாம்” என்று மகள் வருடக்கணக்கில் தன்னையே நொந்துகொள்கிறாள். அந்த எலும்பு முறிந்ததே உடம்பு ஏற்கெனவே தளர்ந்துவிட்டதன் அடையாளம் என்று முதலிலேயே யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ராத்திரி வரும் குழப்பம்

வீட்டாரை மிகவும் பயமுறுத்துவது இதுதான். அனேகமாக இரண்டாம் நாள் இரவு. பகலில் நன்றாகப் பேசிய ஆச்சி, விளக்கு அணைத்த பிறகு சுவரைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன அக்காளோடு பேச ஆரம்பிப்பார். “மாட்டை அவுத்து விட்டாச்சா” என்று கேட்பார். டிரிப் ஊசியைப் பிடுங்குவார், கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் மகளையே “நீ ஆருட்டீ?” என்பார். மகள் வராந்தாவில் வந்து அழுவாள். அம்மைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, மயக்க ஊசி மூளையைக் கெடுத்துவிட்டது என்று நினைப்பாள்.

சிலருக்கு நேர்மாறாக வரும். சத்தமே இல்லாமல், கண்ணை மூடி, கூப்பிட்டால் ‘உம்’ என்று மட்டும் சொல்லிக் கிடப்பார்கள். “நல்ல தூக்கம் டாக்டர்” என்பார்கள் வீட்டார். இதுவும் அதே குழப்பம்தான். யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவதால் இது இன்னும் மோசம்.

பெரும்பாலானவர்களுக்கு இது சில நாளில் தெளியும். சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். ஏற்கெனவே மறதி நோய் இருந்தவருக்கு அது ஒரு படி கூடிவிடலாம். காரணம் மயக்க மருந்து மட்டுமே என்று சொல்ல முடியாது. வலி, தண்ணீர்ச்சத்து குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், கிருமித்தொற்று, தூக்கமின்மை, சோடியம் குறைவு, புது இடம், கண்ணாடியும் காது மிஷினும் இல்லாமை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. இவற்றைக் கவனித்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் குழப்பத்தை வராமலே தடுக்க முடியும். இதற்கு வீட்டார்தான் மருந்து, நர்சும் நானும் அடுத்தபடிதான்.

கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றையும் வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வருவார்கள். கொண்டு வாருங்கள். தியேட்டருக்குள் போகும்போது பல்செட்டைக் கழற்றி உங்கள் கையில் தருவோம், வெளியே வந்ததும் மாட்டிவிடுங்கள். பல்செட் இல்லாமல் இட்லிகூட இறங்காது. காது கேட்காதவரிடம் நாலுபேர் கூடி நின்று பேசினால் அவருக்குச் சந்தேகமும் பயமும்தான் வளரும். தெரிந்த முகம் ஒன்று ராத்திரி பக்கத்தில் இருக்கட்டும். ஆள் மாறி மாறி வர வேண்டாம். பகலில் ஜன்னலைத் திறந்து, நாள், கிழமை, இடம் சொல்லிக்கொண்டே இருங்கள். அவர் தப்பாகச் சொன்னால் மல்லுக்கு நிற்காதீர்கள். “மாட்டை அவுத்தாச்சு, நீங்க படுங்க” என்றால் போதும். தூக்க மாத்திரை கேட்டு நர்சை நச்சரிக்காதீர்கள். வயதானவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டும். அதேசமயம், வீட்டில் வருடக்கணக்காகத் தினமும் தூக்க மாத்திரை போட்டவராக இருந்தாலும், தினமும் குடிப்பவராக இருந்தாலும் எங்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திடீரென்று நின்றாலும் குழப்பம் வரும். குடியைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிட்டு, மூன்றாம் நாள் கைநடுக்கத்தோடு தவிக்கும் பாட்டாக்கள் உண்டு.

பட்டினி, மாத்திரைப் பை

காலை ஒன்பது மணி ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஏழு மணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பார்கள். பழைய பழக்கம். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். வெறும் தண்ணீர், பால் சேர்க்காத கட்டங்காப்பி, தெளிந்த இளநீர் போன்றவற்றைப் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். குடலடைப்பு உள்ளவர்கள் விதிவிலக்கு. ஆகவே, “தண்ணீர் எத்தனை மணி வரை கொடுக்கலாம்?” என்று உங்கள் மயக்க மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள்.

அதன் பிறகு வரும் பத்தியம் இன்னும் கெடுதல். “மீன் புண்ணைச் சீழ் வைக்கும்”, “முட்டை சூடு”, “பயறு வாயு” என்று சொல்லி ரெண்டு வாரம் வெறும் ரொட்டியும் கஞ்சித் தண்ணியும் கொடுப்பார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை கரைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே அப்படி. புண் ஆறவும் கால் தாங்கவும் புரதம் வேண்டும். சாளையும் நெத்திலியும் சல்லிசாகக் கிடைக்கும் கடற்கரை மாவட்டத்தில் அதை நிறுத்தி வைப்பது எனக்குத் தாங்கவில்லை. மீன், முட்டை, சிறுபயறுக் கஞ்சி, தயிர் எதுவானாலும் கொடுங்கள். சிறுநீரக நோய்க்கு என்று டாக்டர் தனியாக அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் மொத்த மாத்திரைகளையும் பையோடு கொண்டு வாருங்கள், லேகியமும் சூரணமும் உட்பட. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்ற பெயர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வோம். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். இதய நோய்க்காகவும் இப்போது இவற்றை எழுதுவதால், “எங்க அப்பாவுக்குச் சுகர் இல்லையே” என்று விட்டுவிடாதீர்கள்.

தள்ளிப்போட்டதால் வரும் ஆபத்து

எல்லா ஆபரேஷனும் ஒரே எடை கிடையாது. கண்புரைக்குச் சொட்டு மருந்தில் மரத்துப்போக வைத்துச் செய்யும் ஆபரேஷனை 95 வயதிலும் பயமில்லாமல் செய்யலாம். கண் தெரிந்தால் விழுவதும் குறையும். “இனி கண்ணு தெரிஞ்சு என்ன பாக்கப் போறேன்” என்று ஆச்சி சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

குடலிறக்கம் வேறு கதை. பகலில் வெளியே வந்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கத்தோடு பாட்டா பல வருடம் இருப்பார். எல்லா வீக்கத்துக்கும் உடனே ஆபரேஷன் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தொந்தரவில்லாத சிலதைக் கவனித்து வரலாம். ஆனால் வலி வர ஆரம்பித்தால், உள்ளே தள்ளக் கஷ்டமானால், அது எச்சரிக்கை. அப்போது மரத்துப்போகும் ஊசியில் அரை, முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. அதை விட்டுவிட்டு, ஒருநாள் குடல் சிக்கி, வாந்தி எடுத்து, வயிறு உப்பி, அழுகிய குடலை வெட்ட வேண்டிய நிலையில் நடுராத்திரி வந்தால், அதே மனிதர், அதே வயது, ஆபத்து மட்டும் பல மடங்கு. மிக வயதானவர்களுக்கு அவசரமாக வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் நான் மிகவும் அஞ்சும் ஒன்று.

வேண்டாம் என்று சொல்வது

அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி என்று பெயர் பெற்ற இதய அறுவை மருத்துவர் இருந்தார். மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிந்தால் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு வழி வகுத்தவர்களில் முதன்மையானவர். 97 வயதில் அவருக்கே மகாதமனி கிழிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். 2006 பிப்ரவரியில் நினைவு தப்பியது. மனைவி செய்யச் சொன்னார். மயக்க மருத்துவர்கள் முதலில் மறுத்தார்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடி அனுமதித்த பிறகு ஆபரேஷன் நடந்தது. பல மாதங்கள் ஆஸ்பத்திரியில் கஷ்டப்பட்டு மீண்டார். செய்தது நல்லது என்று பிறகு அவரே சொன்னார். நூறு வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது 2008 ஜூலையில் காலமானார்.

இதைக் கேட்டு, 97 வயதிலும் முடியும் என்று சிலர் தெம்படைவார்கள். அவருக்குக் கிடைத்த ஐசியு வசதியும் பணமும் ஆட்களும் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நான் யோசிப்பேன். எனக்கு அதைவிட உறுத்துவது, விழிப்பாக இருந்தபோது அவர் சொன்னது ஒன்று, நினைவு தப்பிய பிறகு நடந்தது வேறொன்று என்பது. மேசைக்குப் போகும் முன் மறுத்த அந்த மயக்க மருத்துவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

நம் வீடுகளில் பெரியவரிடம் கேட்பதே இல்லை. “அம்மைக்கிட்ட சொல்லாண்டாம் டாக்டரே, பயந்திருவாங்க” என்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்ல காது எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தப் பக்கமாகக் குனிந்து, நான் நேரடியாகவே கேட்பேன். “ஆச்சி, இது செஞ்சா உங்களுக்கு என்ன ஆகணும்னு நெனைக்கீங்க?” ஓர் ஆச்சி சொன்னார்: “மக்ளே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நடந்து கக்கூசுக்குப் போவணும். ஒருத்தியும் எனக்குத் துடைச்சு விடாண்டாம்.” மகன்கள் மூன்று பேரும் பக்கத்தில் நின்றார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவருக்கு ஆபரேஷன் சரியான முடிவு. வேறொரு பாட்டா, குடலில் பரவிய புற்றுநோயோடு வந்தவர், “வீட்டுத் திண்ணையில இருந்து போவணும், குழாய் ஒண்ணும் போடாதீங்க” என்றார். அவருக்குச் செய்யாமல் விட்டதும் சரியான முடிவு.

செய்யாமல் விடுவதைக் கைவிடுவதாக நினைக்க வேண்டாம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த் தணிப்புச் சேவைக்கும் பிசியோவுக்கும் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ‘ஊர் என்ன சொல்லும், காசுக்குப் பார்த்து அம்மையை விட்டுட்டான்னு சொல்லுமே’ என்ற பயத்தில்தான் பல ஆபரேஷன்கள் நடக்கின்றன. நர்சோ டாக்டரோ கேட்டால் அதை வெளிப்படையாகவே சொல்லுங்கள். அந்தப் பயத்தைப் பற்றியும் பேசலாம்.

ஆபரேஷன் செய்வது என்று முடிவெடுத்தால், ரிஸ்க் கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் பேசி வையுங்கள். பிறகு மூச்சுக்கு வெண்டிலேட்டர் தேவைப்பட்டால் வைப்பதா, எத்தனை நாள் பார்ப்பது, டயாலிசிஸ் என்றால் என்ன செய்வது? இதை முன்கூட்டிப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, ஐசியு வாசலில், போனில் மகனைக் கூப்பிட்டுக் கேட்பதைவிட, நோயாளி தெளிவாக இருக்கும்போது அவரையும் வைத்துக்கொண்டு பேசுவது மேல்.

வீட்டுக்குப் போகும் நாள்

ஆபரேஷனுக்கு மறுநாளே உட்கார வைப்போம், முடிந்தால் வாக்கர் பிடித்து நிற்க வைப்போம். “தையல் பிரிஞ்சிரும், ஒரு மாசம் அசையக் கூடாது” என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். வீட்டில் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் இடையே மிதியடி, ஒயர், ஈரம் எதுவும் இருக்கக்கூடாது. சுவரில் பிடிகம்பியும் இரவு விளக்கும் டிஸ்சார்ஜுக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சீட்டில் அடிக்கடி விடுபட்டுப் போவது எலும்பு மருந்து. ஒரு முறை இடுப்பு முறிந்தவருக்கு மறுபக்கமும் முறிய வாய்ப்பு அதிகம். இடுப்பு ஆபரேஷன் செய்து மூன்று மாதத்துக்குள் சோலெட்ரோனிக் அமிலம் என்ற ஊசியை வருடத்துக்கு ஒருமுறை என்று போட்டவர்களுக்கு மறு முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. வைட்டமின் டி, கால்சியம் அளவு சரியாக இருக்க வேண்டும், சிறுநீரகமும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நான் முன்னே சொன்ன நாற்பது கிலோ ஆச்சிக்கு இந்த ஊசி ஆகாது, அவருக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. எலும்பைப் பொருத்திய மருத்துவரிடம், தையல் பிரிக்கப் போகும் நாளில் கேளுங்கள்: “எலும்பு பலத்துக்கு எங்க அம்மைக்கு எது பொருந்தும், எப்போ ஆரம்பிக்கலாம்?”